கேமராவுக்கு முன்னால் வந்த பை

2007 பிப்ரவரி 4, ஞாயிறு

விடியலில் பனி. பூசை முடிந்து வெளியே வந்தால் சுள்ளென்று வெயில்.

அசிங்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. ஸ்டெல்லாவுக்கு என் கையெழுத்து புரியாது. கல்யாணமான நாளிலிருந்தே புரியவில்லை.

என் தோளில் ஒரு கேமராப் பை தொங்குகிறது. டிசம்பரிலிருந்து தொங்குகிறது. உள்ளே கேமரா கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நடந்தது இதுதான். மாமனார் இடுப்பு எக்ஸ்ரேயைப் பெரிய டாக்டரிடம் காட்ட மதுரை போனேன். டாக்டர் வரத் தாமதம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேமராக் கடை. ஏறினேன். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., இரண்டு கம்பெனி, ஒவ்வொன்றிலும் நாலைந்து மாடல். கடைக்காரப் பையன் பேசியது தமிழ்தான், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எதை வாங்குவது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு இறங்கவும் கூச்சம். பை வாங்கினேன். பையில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கறுப்பு மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் அது தோளில். யாராவது பார்த்து "கேமராவா சார்?" என்றால் "ஆமா, டிஜிட்டல்" என்பேன். முதல் முறை வாய் தவறி வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இன்றைய உள்ளடக்கம்: மாமாவின் மாத்திரை டப்பா. ரேஷன் கார்டு. மடித்த மஞ்சப்பை. பாதி பாக்கெட் பிஸ்கட்.

இன்று பூசை முடிந்ததும் ஃபாதர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேங்க் சார், நம்ம கோவில் பவள விழா மலருக்கு பங்குப் பேரவை நிர்வாகிக குரூப் போட்டோ வேணும். பதினெட்டாந்தேதி பூசை முடிஞ்சதும் வச்சுக்குவோம். நீங்கதான எடுக்கிறீங்க."

"அதுக்கென்ன ஃபாதர்" என்றேன். சொன்னது நான்தான். வேறு யாரும் என் வாயில் இல்லை.

"இப்ப ஒண்ணு எடுங்களேன், பாப்போம்" என்றார் பாடகர் குழுத் தலைவர். பையின் ஜிப்பை ஒரு சாண் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். எறும்பு.

"சார்ஜ் இல்ல" என்றேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த ஸ்டெல்லா மணிக்கூண்டு தாண்டும்வரை பேசவில்லை. தாண்டியதும் கேட்டாள். "சார்ஜ் இல்லன்னீங்களே, பிஸ்கட்டுக்கா?"

பிப். 5, திங்கள்

பனி. குழாய்த் தண்ணீர் வரவில்லை.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. இனி சாயங்காலம் வரை நானும் மாமாவும்.

சவரிமுத்து, ஸ்டெல்லாவின் அப்பா. ரயிலில் கார்டாகப் பச்சைக் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து இங்கே வந்தார். மகன் ஆல்பர்ட் பெங்களூரில். "ஜனவரியில கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஜனவரி போய்விட்டது. நான் பேங்க்கில் விருப்ப ஓய்வு வாங்கியவன். விருப்பம் என்னுடையது. ஓய்வு எங்கே போனது என்று தெரியவில்லை.

மாமா எனக்குக் கொடுக்கும் மரியாதைதான் இந்த வீட்டில் பெரிய தொந்தரவு. மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மாப்பிள்ளைக்கு வேலை ஏவ மாட்டார். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதே அவருக்குக் கூச்சம், இதில் மாப்பிள்ளையைத் தண்ணீர் கேட்பதா? அதனால் விசில் ஊதுகிறார். பழைய கார்டு விசில். கட்டில் கம்பியில் கட்டித் தொங்குகிறது. ஒன்று ஊதினால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். நீளமாக ஒன்று என்றால் ஃபேன். இதை அவர் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் அது ஏவல். நானாகப் பழகிக்கொண்டேன்.

நான் கனவு கண்ட ஓய்வுக்காலம் வேறு. விடிகாலை ஸ்கூட்டர். சிறுமலைப் பாதை, கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நிறுத்தி, நீள லென்சில் ஒரு பறவை. செம்பட்டிப் பக்கம் கண்மாயில் கொக்கு. ஒரு மனுஷ முகம் இல்லாமல் ஒரு வருஷத்துக்குப் படம். முப்பது வருஷமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் முகம் முகமாகப் பார்த்தாயிற்று.

இரண்டு விசில். போகிறேன்.

பிப். 6, செவ்வாய்

வெயில். மாமா மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் அயரும் நேரம்தான் எனக்கு விடுதலை. கதவை வெளியே பூட்டிவிட்டுத் தெருமுனை வரை.

தெருமுனையில் செல்லத்துரை ஸ்டூடியோ. செல்லம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அரை டவுனுக்குக் கல்யாண ஆல்பம் அவர்தான். யார் வீட்டுப் பெண் தாலி கட்டும் நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து அழுதாள் என்பது வரை வைத்திருக்கிறார். கேட்டால் சொல்லமாட்டார். கேட்காவிட்டால் சொல்வார்.

விஷயத்தைச் சொன்னேன். பையைப் பற்றியும் சொல்லவேண்டி வந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் சார், ஊரெல்லாம் டிஜிட்டல் டிஜிட்டல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே. பைக்குள்ள ஒண்ணும் இல்லையா?"

"பிஸ்கட் இருக்கு."

"சரி விடுங்க. இப்ப எதுக்கு வாங்குறீங்க? பறவைக்கா, ஃபாதருக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் ஒண்ணு கெடையாது சார். மஞ்சள் டப்பாக்காரன் ஒண்ணு விட்டுருக்கான். சின்னது, கனமில்ல. நீள லென்சோட தாரான். ஆனா வீட்டுக்குள்ள, கோவிலுக்குள்ள ஏலாது. செவப்பு டப்பாக்காரன்கிட்ட ஒரு சின்ன லென்சு இருக்கு. மெழுகுவத்தி வெளிச்சம் போதும், முகம் பளிச்சுனு வரும். ஆனா தூரத்துல நிக்கிறது எறும்பாத்தான் தெரியும்."

"அந்தச் சின்ன லென்சை மஞ்சள்ல மாட்டுனா?"

"அவன் லென்சு இவனுக்குச் சேராது. மஞ்சள்காரன்கிட்ட இருக்கிற அதே மாதிரி லென்சும் அந்தச் சின்ன உடம்புல தானா ஃபோகஸ் ஆவாது, கையால திருகணும். உங்க கண்ணுக்கு அது ஆவுமா?" என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். "எதை வாங்கினாலும் மூணு மாசத்துல என்கிட்டதான் விக்க வரப்போறீக. அதனால எனக்குப் புடிச்சத வாங்குங்க. செவப்பு."

இனி இந்த நோட்டில் ம. = மஞ்சள். சி. = சிவப்பு. கம்பெனிப் பெயர் எழுதினால் மனசு ஏதாவது ஒரு பக்கம் சாய்கிறது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் எதிர்வீட்டம்மா. "செத்த நேரமா விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு சார். ரயிலு போயிருச்சா இன்னும் நிக்குதா?"

ஓடினேன். மாமா விழித்திருந்தார். "மாப்ளைக்கு அலைச்சல்" என்றார். அதற்குத் திட்டே தேவலை.

பிப். 7, புதன்

பிரவுசிங் சென்டர். ம. பற்றியும் சி. பற்றியும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவன் ம.வைக் கும்பிடுகிறான். இன்னொருவன் அவனைத் திட்டுகிறான். நம் பங்குப் பேரவை மாதிரியே இருக்கிறது.

பங்குப் பேரவை என்றதும் ஞாபகம் வருகிறது. குரூப் போட்டோவில் பொருளாளரும் செயலாளரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். போன தேர்பவனியில் ஜெனரேட்டருக்கு யார் சொல்லிவைத்தது என்பதில் தகராறு. ஆளுக்கொரு ஓரம் நிற்பார்கள். அதனால் அகலமாக எடுக்கிற லென்ஸ் வேண்டும். ம.விலும் சி.யிலும் நான் பார்க்கிற ரெண்டு லென்சும் அகலம் கிடையாது.

கிடைத்ததை அச்செடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். சோறு வைக்கப் போனேன். வந்தால் மாமா பூதக்கண்ணாடியோடு படித்துக்கொண்டிருக்கிறார். ரயில்வே விதிப்புத்தகம் படித்த கண். ஒரு வரி விடமாட்டார்.

"மாப்ள, இதுல ஐ.எஸ்.ஓ., ஐ.எஸ்.ஓ.ங்கிறான். என்ன அது?"

"வெளிச்சம் கம்மியா இருந்தா ஏத்திக்கிறது மாமா."

"ஏத்துனா?"

"படத்துல புள்ளி புள்ளியா வரும்."

"ஓகோ" என்றார். வெண்டைக்காய்ப் பொரியலைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தார். எங்கள் வீட்டில் வெஞ்சனத்தை அவர் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி. "ஏம்மா, உங்க ஸ்கூல்ல யாருகிட்டயாவது சிவப்புக் கம்பெனி இருக்கா?" அவள் என்னைப் பார்த்தாள். கட்சி மாநாடு பற்றிக் கேட்கிறார் என்று நினைத்திருப்பாள்.

பிப். 8, வியாழன்

இன்று இரண்டு சம்பவங்கள். இரண்டும் எனக்கு நல்லதில்லை.

(1) காலையில் ஆல்பர்ட் போன். போன் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. மாமா கண்மூடியிருந்தார்.

"மச்சான், பதினேழாந்தேதி அங்க வாறேன்."

"அப்படியா. சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்."

"அப்பாவப் பாத்து நாளாச்சுல்ல."

"ஆமாமா. அவரு பெட்டியெல்லாம் சின்னதுதான். கார்ல எடம் போதும்."

"ம்... நேர்ல பேசிக்கிருவோம் மச்சான்" என்று வைத்துவிட்டான்.

ஒரு சந்தோஷம் போதும். இரண்டு சொல்லிவிட்டேன். திரும்பினால் மாமா கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(2) மத்தியானம். ஒரு விசில். தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கி ஸ்டூலில் வைத்துவிட்டார். தாகம் இல்லை போல.

"மாப்ள, எல்லாம் படிச்சுப் பாத்தேன். ரெண்டுமே நல்ல வண்டிதான்."

"ம்."

"நான் ஆல்பர்ட்டு வீட்டுக்குப் போறதா இருந்தா மஞ்சள் வாங்குங்க. கனமில்ல. லென்சு நீளம். மலை, கம்மாயின்னு தூக்கிட்டுப் போயிட்டு ராத்திரிதான் வாறதா இருந்தாலும் தோது."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினேன்.

"நான் இங்கனயே இருக்கிறதா இருந்தா செவப்பு. நம்ம வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது பாருங்க. அந்தச் சின்ன லென்சு இருட்டுலயும் எடுக்குமாம்."

"அப்ப எது வாங்க மாமா?"

"அது மாப்ளை இஷ்டம். நான் என்னத்தச் சொல்ல." பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். விரித்தது நேற்றைய பேப்பர்.

முப்பது வருஷம் பேங்க்கில் எத்தனையோ கடன்காரனை மடக்கியிருக்கிறேன். இப்படி மெத்தையில் படுத்துக்கொண்டு யாரையும் மடக்கியதில்லை.

பிப். 9, வெள்ளி

மேகம். மழை இல்லை. தலைவலி.

நாளை சனி. ஸ்டெல்லாவுக்கு லீவு, வீட்டில் இருப்பாள். நான் மதுரை போகலாம். பதினெட்டுக்குள் கேமரா வேண்டும், வேறு சனிக்கிழமை பதினேழுதான், அன்று ஆல்பர்ட் வருகிறான். ஆகவே நாளை.

ம. வாங்கினால்:
எடை குறைவு. பறவை. சிறுமலை. கையில் டப்பாவைப் பார்த்த நொடியில் மாமாவுக்குத் தெரிந்துவிடும். பெட்டி கட்டச் சொல்வார். அழமாட்டார். "மாப்ளைக்கு இம்புட்டு நாள் சிரமம்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்கவேண்டும்.

சி. வாங்கினால்:
முகம் பளிச். விசில். விசில். விசில். மாமாவுக்கு எண்பதாகும்போது எனக்கு அறுபது நெருங்கியிருக்கும், அப்போது எனக்கு யார் விசில்?

ஒன்றும் வாங்காவிட்டால்:
ஃபாதர். பிஸ்கட். எறும்பு.

மூன்றாவது கம்பெனி ஒன்று இருக்கிறதாம். பிரவுசிங் சென்டரில் கேட்டேன். லென்ஸ் கிடைக்காது என்றார்கள். அதாவது தப்பிக்க வழி இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் ஸ்டெல்லாவிடம் மேலோட்டமாகக் கேட்டேன். "ஆல்பர்ட் வாறானே, அப்பா போறதப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"அப்பா எங்க போறாரு?" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மேல் அவளுக்குப் பாசம், தெரியாத மாதிரி பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு. எனக்குத்தான் சின்ன மனசு.

பிப். 10, சனி

மதுரை. பஸ் கூட்டம். பை மடியில், முதல்முறையாகக் காலி. மாத்திரை டப்பாவை வீட்டில் வைத்துவிட்டேன்.

அதே கடை. அதே பையன். என்னை அடையாளம் தெரிந்தது. "பை வாங்குனீங்களே சார், நல்லா இருக்கா?"

ம.வைக் கையில் கொடுத்தான். நீள லென்ஸ் மாட்டி. கடை வாசலுக்கு வந்து எதிரே மாடிக் கட்டடத்தைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பில் ஒரு மைனா. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தது. அலகைத் தொட்டியில் தேய்த்தது. ஒரு பக்கம், மறு பக்கம். கத்தி தீட்டுவது மாதிரி. யாரும் அதைக் கூப்பிடவில்லை. யாரும் அதற்கு விசில் ஊதவில்லை. ரொம்ப நேரம் பார்த்தேன் போலிருக்கிறது, பையன் தொண்டையைச் செருமினான்.

பிறகு சி. கட்டையான சின்ன லென்ஸ். கல்லாவுக்குப் பின்னால், வெளிச்சமில்லாத மூலையில் கடை முதலாளியின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து அழுத்தினேன். பின்பக்கத் திரையில் வந்தது. கன்னத்தில் மழிக்காமல் விட்ட வெள்ளை முடி ஒன்றொன்றாய். பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு "இம்புட்டு வயசா ஆயிருச்சு?" என்று மகனைக் கேட்டார்.

பையன் கேட்டான். "வீட்ல எடுக்கவா சார், வெளிய எடுக்கவா?"

இவனுக்கும் மாமாவுக்கும் என்ன உறவு என்று தெரியவில்லை.

கை சி.யைக் காட்டியது. கை என்றுதான் எழுதுகிறேன். நான் இல்லை.

திரும்பும்போது ஜன்னலோரம். கொடைரோடு தாண்டி ஊர் வரும்வரை சிறுமலை வலப்பக்கமாகக் கூடவே வந்தது. நீள லென்ஸ் இல்லாமலே நன்றாகத் தெரிந்தது. அது வேறு எரிச்சல்.

வீடு. மாமா டப்பாவைப் பார்த்தார். சிவப்பு. பூதக்கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து விசிலை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார். ஊதவில்லை. சும்மா துடைத்தார்.

பிப். 11, ஞாயிறு

பூசைக்குப் பையோடு போனேன். உள்ளே கேமரா. இன்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் மாமா ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வெள்ளைச் சட்டை எடுத்துத் தரச் சொன்னார். இஸ்திரி போட்டது. தலைக்கு எண்ணெய். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் தானாக எழுந்து நின்றார். தானாக எழுந்து நிற்பார் என்பதே எனக்குத் தெரியாது.

எடுத்தேன். முதல் படத்தில் மாமா மங்கல், பின்னால் காலண்டர் பளிச். மாமா பார்த்தார். "ஃபோகஸ் பின்னால போயிருச்சு மாப்ள. நடுப்புள்ளிய மட்டும் வச்சுக்கிட்டுக் கண்ணைப் பாத்து எடுக்கணும். நாலாம் பக்கத்துல போட்டிருக்கான்."

மறுபடி எடுத்தேன். கண் வந்தது. இடது கண்ணில் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலில் நம் தெரு, தெருவில் என் ஸ்கூட்டர்.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு "அப்பா உங்களவிட எளசா இருக்காரு" என்றாள்.

பிப். 13, செவ்வாய்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். எழுதிவைக்கிறேன், நானே மறந்துபோனாலும் போவேன்.

மாமா தூங்கும் நேரத்தில் பெங்களூருக்குப் போன் போட்டேன், தெருமுனை பூத்திலிருந்து. செல்லம் ஸ்டூடியோ வாசலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும். ஊருக்குத் தெரியவேண்டிய விஷயம்தான்.

"ஆல்பர்ட்டு, மாமாவக் கூட்டிட்டுப் போறதப் பத்தி இனி பேச்சு வேண்டாம். அவரு எங்ககூடவே இருக்கட்டும். நான் முடிவு பண்ணிட்டேன்."

"அதில்ல மச்சான், நான் சும்மா பாக்கத்தான்..."

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. உனக்கும் வேலை, பிள்ளைக. எனக்குச் சிரமம் இல்ல."

"அதான் மச்சான், அப்பாவே..."

"அப்பாவ நான் பாத்துக்கிறேன். வை."

அவனைப் பேசவிடவில்லை. பேசவிட்டால் நன்றி சொல்வான், எனக்குக் கூச்சம். பூத்தைவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. செல்லம் மோவாயைத் தடவிக்கொண்டு சொன்னார். "அதான் செவப்ப வாங்கச் சொன்னேன்."

வீட்டில் இரண்டு விசில். இன்று அது காதுக்குக் கொஞ்சம் இனிமை. பொய். அதே சத்தம்தான். ஆனால் எரிச்சல் இல்லாமல் நடந்தேன்.

பிப். 15, வியாழன்

எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. நல்லவனாக இருப்பது இரண்டு நாளுக்குத்தான் தாங்குகிறது.

காலையில் வாசல்படியில் நின்று கேமராவை வானத்துக்குக் காட்டினேன். பருந்து. படத்தில் ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய புள்ளி.

மாமா உள்ளேயிருந்து: "கெடைச்சுதா மாப்ள?"

"இல்ல மாமா."

"பக்கத்துல வரும். இருங்க."

பருந்து எதற்குப் பக்கத்தில் வரப்போகிறது.

பிப். 17, சனி

ஆல்பர்ட் வந்தான். பிரியாணி வாங்கிவந்தான். அப்பாவின் காலை அமுக்கிப் பார்த்தான். மாமா மகனுக்கு ஐ.எஸ்.ஓ. விளக்கினார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பெருந்தன்மையாக முதுகில் தட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். கார் தெரு திரும்பும்வரை கையாட்டினேன். பின் சீட் காலியாகப் போனது. சிறுமலை அந்த சீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது.

மாமாவையும் மகனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். கண் இருவருக்கும் பளிச். இப்போது வருகிறது.

பிப். 18, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. பூசை. குரூப் போட்டோ.

கோவில் படியில் பேரவை மூன்று வரிசை. பொருளாளர் இந்த ஓரம், செயலாளர் அந்த ஓரம், எதிர்பார்த்தபடி. சின்ன லென்சில் நடுவிலிருக்கும் ஃபாதரும் அவர் பக்கத்து ஆட்களும் மட்டும் அடங்கினார்கள். பின்னால் போனேன். இன்னும் ஒருவர். பின்னால் போனேன். மாதா சிலை இருக்கும் கெபி தாண்டி, வேப்பமரம் தாண்டி, கோவில் கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதும் பொருளாளர் பாதி. ரோட்டைக் கடந்து டீக்கடைப் பெஞ்சில் ஏறி நின்றேன். எல்லாரும் வந்தார்கள். நடுவில் ஒரு டவுன் பஸ்ஸும் வந்தது.

"பேங்க் சார் எங்க போறாரு?" என்று ஃபாதர் கேட்டாராம். "வீட்டுக்குத்தான் ஃபாதர், விசில் கேட்டிருக்கும்" என்றாராம் செயலாளர். பொருளாளர் சிரித்துவிட்டாராம். இரண்டு பேரும் தேர்பவனிக்கு அப்புறம் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது இப்போதுதான். மலருக்கு என் பங்களிப்பு அது.

வீட்டுக்கு வந்து படத்தை மாமாவிடம் காட்டினேன். பஸ் போவதற்கு முன் ஒன்று, போன பின் ஒன்று, நன்றாகவே வந்திருக்கிறது. மாமா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாப்பாட்டு நேரம் தப்பியது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மாமா படுத்தபின் அடுப்படியில் ஸ்டெல்லா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்திருந்ததால் சொல்லிவிட்டேன். ம.வையும் மைனாவையும் விட்டதை. ஆல்பர்ட்டிடம் போனில் பேசியதை. அப்பா இங்கேயே இருக்க நான் முடிவு எடுத்ததை. குரல் கொஞ்சம் தழுதழுத்தது, தானாகத்தான்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு பெங்களூருக்கு வரலைன்னு டிசம்பர்லயே தம்பிகிட்ட சொல்லிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

"டிசம்பர்லயா? ஏன்?"

"மாப்ள வேலையையும் விட்டுட்டாரு, பகல் பூரா பேச்சுத்துணைக்கு ஆளு கெடையாது, வெறும் பையத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியிறாரு, அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா வாறதுன்னாராம்."